கட்டாமல் நிறுத்திய படகு

பன்னிரண்டாம் வகுப்பில் பீட்டா சிதைவு நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோவை எப்படி சார் நம்புறது?" "புத்தகத்தில் இருக்கிறது" என்றேன். அது பதிலல்ல என்பது அன்றிரவு உறுத்தியது.

மறுநாள் சொன்னேன்: "படகிலிருந்து இருவர் குதிக்கிறார்கள். ஒருவரைத்தான் பார்த்தோம். படகு நகர்ந்த விதம் மற்றவரைக் காட்டிக்கொடுக்கும். எலக்ட்ரான் தெரிந்தவர், நியூட்ரினோ தெரியாதவர், அணுக்கருதான் படகு. திடப்பொருளுக்குள் இருந்தால் அது கட்டிய படகு. அதனால் அயனியை வெற்றிடத்தில் மிதக்கவிடுகிறார்கள். நிலை மின்புலம் மட்டும் போதாது. மாறுதிசை மின்னழுத்தமும் வேண்டும். இந்தப் பொறிக்காக வோல்ஃப்காங் பால் 1989இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் லித்தியம்-8 அயனிகளை இப்படி ஆராய்ந்தார்கள். வெளிவரும் துகள்களை மின்வாய்கள் மறைக்காதபடி அமைப்பதே சவால்."

அவள் விடவில்லை: "படகு முன்னாடியே ஆடிட்டு இருந்தா?"

அயனிகளை ஹீலியம் வாயுவால் குளிர்விப்பது அதற்காகத்தான். வடிவமைப்பாளரின் கேள்வியை அவளே கேட்டுவிட்டாள். முதல் நாளே நான் வாயை அடைத்திருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்குமா?