தெருவில் இறங்கிப் படித்த படிப்பு

பொது நிர்வாகம் என்று முதுகலையில் ஒரு படிப்பு உண்டு. நம் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னதும் பலருக்கு ஐ.ஏ.எஸ். தேர்வுதான் நினைவுக்கு வரும். 1987 முதல் குடிமைப் பணிகள் முதன்மைத் தேர்வில் அது ஒரு விருப்பப் பாடம். ஆகவே குறிப்பேடு, மாதிரி வினாத்தாள், பயிற்சி மையம் என்ற வட்டத்துக்குள்ளேயே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் இந்தப் படிப்பின் பூர்விகம் வேறு. தெருவைப் பழுதுபார்த்ததாக ஒரு நகர நிர்வாகம் எழுதிய கணக்கைச் சரிபார்க்கக் கிளம்பிய சிலரிடம் அது பிறந்தது. மாணவர் கையில் உண்மையான அலுவலக வேலை ஒன்றை ஒப்படைக்கிற இடத்தில்தான் அந்தப் பட்டம் பட்டமாக இருக்கிறது. மற்ற இடங்களில் அது இன்னொரு முதுகலை, அவ்வளவுதான். இதுவே என் கட்சி.

கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. மன்ஹாட்டன் பகுதியின் தலைவராக இருந்த ஜான் ஏஹர்ன், டாமனி ஹால் என்ற செல்வாக்கு மிக்க அரசியல் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய அலுவலகம் சாலைகளுக்கும் பொதுப்பணிகளுக்கும் பணம் செலவழித்த விதத்தை ஹென்றி புரூயர் என்ற இளைஞரும் அவருடைய சகாக்களும் துருவிப் பார்த்தார்கள். 1906-இல் மன்ஹாட்டன் எப்படி ஆளப்படுகிறது என்று ஒரு சிறு வெளியீடு வந்தது. மேடைப் பேச்சின் சூடு அதில் கிடையாது, எண்கள்தான். தொடர்ந்து விசாரணை நடந்தது. 1907 இறுதியில் ஆளுநர் சார்ல்ஸ் ஹியூஸ் ஏஹர்னைப் பதவியிலிருந்து நீக்கினார். கணக்குப் பார்க்கத் தெரிந்த சிலர் செய்த வேலை அது. இந்த முயற்சி நகராட்சி ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. அதை நடத்திய ஆலன், புரூயர், கிளீவ்லாந்து மூவரையும் பெயரின் முதலெழுத்துகளை வைத்து ஏ.பி.சி. என்றே அழைத்தார்கள். 1908-இல் இவர்கள் நடத்திய கண்காட்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் எனக்கு நகர மனமில்லை. பட்ஜெட்டுக்கு ஒரு கண்காட்சி, நேயர்களே! நகரத்தின் வரவு செலவை வரைபடங்களாகவும் பொருள்களாகவும் மக்கள் முன் பரப்பி வைத்தார்கள். அதில் ஒரு சாதாரணக் கொக்கியும் இருந்தது. கடையில் சில காசுக்கு விற்கிற கொக்கிக்கு நகரம் பல மடங்கு விலை கொடுத்திருந்தது. பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காத மனிதருக்கும் அந்தக் கொக்கி விளங்கியிருக்கும்.

இப்படி வேலை பார்க்க ஆள் வேண்டுமே? ரயில்வே செல்வந்தர் ஹாரிமனின் மனைவி மேரி ஹாரிமனின் பண உதவியோடு 1911-இல் அந்த நிறுவனமே பொதுப்பணிப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. மாணவர்களை நகர அலுவலகங்களுக்கும் வேறு ஊர்களின் நிர்வாகத்தை ஆராயவும் அனுப்பினார்கள். ஆய்வறிக்கைதான் அவர்களுக்குத் தேர்வுத்தாள். 1924-இல் இந்தப் பயிற்சி சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவின் பொது நிர்வாக முதுகலைப் படிப்பு அங்கிருந்துதான் வேர்பிடித்தது. இன்று அந்நாட்டில் இப்படிப்பைத் தரும் கல்லூரிகள் பலவற்றிலும் அலுவலகப் பயிற்சியும், கடைசியில் ஒரு செயல்திட்டமும் இருக்கின்றன. செயல்திட்டம் என்றால் நம் கல்லூரிகளில் பைண்டு போட்டு அலமாரியில் வைக்கிற ப்ராஜெக்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சிற்றூர் நிர்வாகம் ஒரு கேள்வியோடு வரும்: குடிநீர்க் கட்டணம் ஏன் இவ்வளவு பாக்கி? குப்பை வண்டியை எந்த வழியாக விட்டால் செலவு குறையும்? நாலைந்து பேர் சேர்ந்து பதில் தேட வேண்டும். போனதும் முதலில் தெரிவது, இரண்டு துறைகளின் பதிவேடுகள் ஒத்துப்போவதில்லை என்பது. திருட்டுதான் காரணம் என்று அவசரப்பட வேண்டாம். ஒரு துறை வீட்டைக் கணக்கிட்டிருக்கும், இன்னொன்று இணைப்பைக் கணக்கிட்டிருக்கும். இதைக் கண்டுபிடித்து, கோபப்படாமல் இரு தரப்பிடமும் பேசி, ஊர் மன்றத்தின் முன் நின்று விளக்கவும் வேண்டும். பதிலுக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதுதான் இதில் முக்கியம். ஆசிரியர் மதிப்பெண்ணோடு விட்டுவிடுவார். அந்த ஊர் நிர்வாகமோ அதை வைத்து முடிவெடுக்கப் போகிறது.

வேலைவாய்ப்பும் இந்த வழியாகவே திறந்தது. 1913-இல் பெருவெள்ளத்தில் சீரழிந்த ஓஹையோவின் டேட்டன் நகரம், மறு ஆண்டே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின்கீழ் ஒரு தொழில்முறை நகர மேலாளரை நியமித்தது. அந்த ஏற்பாடு பரவப் பரவ, பயிற்சி பெற்றவர்களுக்கு ஒரு தொழிலே உருவாயிற்று. பட்ஜெட் ஆய்வாளர், தணிக்கையாளர், தொண்டு நிறுவன மேலாளர் என்று பாதைகள் பின்னால் பிரிந்தன. அமெரிக்க மத்திய அரசில் சேர 1977-இல் தனித் திட்டம் ஒன்று வந்தது. 2025 பிப்ரவரியில் அதிபரின் ஆணை அதை முடித்துவைத்தது. பட்டத்தை ஒரே வாசலுக்கான சாவியாக நினைத்தவர் அங்கே நின்றுபோவார். ஒரு நகரத்தின் கணக்கைச் சீர்செய்து பழகியவர் இன்னொரு நகரத்துக்கு விண்ணப்பம் போடலாம்.

உடனே ஒரு மறுப்பு வரும்: வேலையை மட்டும் பழக்கினால் கெட்டிக்கார எழுத்தர்கள்தானே உருவாவார்கள்? நியாயமான கேள்வி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கோட்பாட்டைத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே நியூயார்க் நிறுவனத்தில் தொழில் தொடங்கியவர் ராபர்ட் மோசஸ். பாலங்களையும் பூங்காக்களையும் கட்டிக் குவித்தார். அவருடைய நெடுஞ்சாலைகளுக்காகப் பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்தன. கைத்திறன் ஒருவருக்கு நீதியுணர்வைத் தந்துவிடாது என்பதற்கு அவரே போதும். ஆனால் அதே நிறுவனத்தில் பயின்ற லூதர் குலிக்கையும் பாருங்கள். நிர்வாகக் கோட்பாட்டுப் பாடநூல்களில் இன்றுவரை இடம்பெறுகிற அவர், நகராட்சி ஆய்வில் பழகியவர். களம் அவரைக் கோட்பாட்டிலிருந்து விலக்கவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: சம்பளமில்லாப் பயிற்சி வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே கைகூடும். உண்மைதான். வாடகை கொடுக்க வழியில்லாத மாணவர் மூன்று மாதம் இனாமாக உழைக்க முடியாது. அதற்கு வழி உதவித்தொகை. பயிற்சியைக் கைவிட்டால் அந்த ஏழை மாணவருக்குத்தான் முதல் நஷ்டம், ஏனென்றால் அலுவலகத்துக்குள் நுழைய அவருக்கு மாமா சித்தப்பா சிபாரிசு கிடையாது.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1937-லேயே பொது நிர்வாகத்தில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. மேக்ஸ்வெல் கல்லூரியின் தலைவராக இருந்த பால் ஆப்பிள்பி நேரு அரசின் அழைப்பில் வந்து 1953-இல் அறிக்கை தந்தார். அடுத்த ஆண்டே டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் எழுந்தது. பின் ஏன் நம் முதுகலை வகுப்புகளில் களப்பயிற்சி பெரிதாக வளரவில்லை? போட்டித் தேர்வில் வென்றால் போதுமே, களம் எதற்கு என்பார்கள். வென்றவர்களுக்கு அரசு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஐ.ஏ.எஸ். பயிற்சிக் கழகம் உள்ள மசூரியில் வகுப்பு, பிறகு ஏறக்குறைய ஓராண்டு மாவட்டப் பயிற்சி, மீண்டும் மசூரி. கூடவே ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டம். செய்து கற்கும் முதுகலை நம்மிடமும் இருக்கிறது, வேலை கிடைத்தவர்களுக்கு மட்டும்! வகுப்பில் உட்கார்ந்திருக்கிற மற்றவர்களுக்குக் களம் வெகுதூரத்தில் இல்லை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கைக்கு வழிசெய்தது. பதிவேட்டில் உள்ள பெயரையும் வேலையையும் ஊரில் நேரில் சரிபார்ப்பதுதானே அது? நியூயார்க் இளைஞர்கள் செய்ததும் இதையேதான். தகவல் உரிமைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. பேரூராட்சிகளிலும் ஊராட்சி ஒன்றியங்களிலும் விடைக்குக் காத்திருக்கிற கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை.

வீட்டில் யாராவது இந்தப் படிப்பில் சேர யோசித்துக்கொண்டிருந்தால், அந்தத் துறைக்குப் போய் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: போன ஆண்டு உங்கள் மாணவர்கள் எந்த அலுவலகத்துக்கு என்ன செய்து கொடுத்தார்கள், அதை அங்கே யார் படித்தார்கள்? பெயரோடு பதில் சொல்லக்கூடிய துறைகள் நம்மிடமும் பெருகும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.