சுவருக்குள் ஓடும் குழாய்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களிலே, பெண் பிள்ளை பிறந்த வீட்டில் வாப்பாவின் முதற் கவலை அவளுக்கொரு வீடு கட்டுவதாகும். வீடு மகளுக்குரியது, மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வான். தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம் இது. மூத்தவளுக்கு முன்வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் பின்புறம் ஓர் அறை கட்டி ஒதுங்குவர். இளையவளுக்கென அதே வளவில் இன்னொரு வீடு எழும். இவ்வாறு வளவு நிறையுந்தோறும் நிலத்தின் கீழும் சுவரினுள்ளும் குழாய்களும் பெருகுகின்றன.

சீதன உறுதியிலே நான்கு எல்லைகளும் எழுதப்படுகின்றன. பல உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் எழுதப்படுகின்றது. ஆனால் எந்தக் குழாய் எங்கே போகின்றது என்பதை எழுதி வைப்பார் எவருமிலர். அதனை அறிந்தவர்கள் வாப்பாவும் வேலை செய்த மேசனும் மட்டுமே. அவர்கள் மறைந்தபின், வீட்டுக்கு வந்த மருமகன் சுவரிலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயைப் பார்த்து, இது எதற்கானது என்று திகைத்து நிற்கின்றான்.

இத்திகைப்பு சிறிய காரியமன்று. இவ்வூர் வீடுகள் பலவற்றில் இருவகை நீர் ஓடுகின்றது. ஒன்று, மணற்பாங்கான நிலத்திலே தோண்டிய கிணற்று நீர். மற்றொன்று, கொண்டவட்டுவான் குளத்து நீரைச் சுத்திகரித்துத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அனுப்பும் நீர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடற்கோள் இக்கரையைத் தாக்கியபோது கிணறுகள் பல உவர்ப்பேறிப் போயின. இடிந்த வீடுகள் சில பழைய அத்திவாரத்தின் மீதே மீண்டும் எழுந்தன. அங்கெல்லாம் பழைய குழாய் மண்ணுக்குள் கிடக்க, புதிய குழாய் அதன் அருகே ஓடுவதும் உண்டு.

கிணற்றுக் குழாயும் சபைக் குழாயும் எங்கேனும் ஓரிடத்தில் இணைந்துவிட்டால் என்ன நேரும்? தண்ணீர் அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்கு ஓடும். நல்ல நீர், தீய நீர் என்ற பேதம் அதற்கில்லை. தெருவிலே திருத்த வேலைக்காகச் சபை நீர் நிறுத்தப்பட்டிருக்கும் வேளையில், வீட்டுப் பம்பி இயங்கினால், கிணற்று நீர் சபைக் குழாயினுள்ளே புகுந்துவிடும். மலசலகூடக் குழிக்கு அண்மையிலுள்ள கிணறாயின் நோயும் உடன் செல்லும். 1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில், உலகக் கண்காட்சி நடந்த காலத்தில், அமீபா வயிற்றுளைவு நோய் பரவி 98 பேர் மாண்டனர். பெரிய ஹோட்டல்களிலே குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் பிழையாகத் தொடர்புற்றிருந்தமையே அதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது.

ஆகவே குழாய்களை இனங்காண வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. முதலிற் கண்ணால் நோக்குக. காந்தம் ஒட்டினால் அது இரும்புக் குழாய். சாம்பல் நிறப் பீ.வீ.சி. குழாயாயின், மேலே அச்சிட்ட அளவை வாசிக்கலாம். 20, 25, 32 மில்லிமீற்றர்க் குழாய்கள் பெரும்பாலும் நீர் கொணர்பவை. 110 மில்லிமீற்றர்க் குழாய் மலசலகூடக் கழிவைக் கொண்டு செல்வது. எஸ்.எல்.எஸ். 147 என்ற குறி இருப்பின் அது குடிநீர்க்கெனச் செய்யப்பட்டது. கூரைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் குழாய் மலக்குழியின் காற்றுக் குழாயாயிருக்கலாம். பயனற்றதென எண்ணி அதனை அடைத்தல் கூடாது.

அடுத்துச் சோதனை. பம்பியை நிறுத்திவிட்டு, வாயிலருகேயுள்ள நீர்மானியின் வால்வை மூடுக. பின்னர் சமையலறை, குளியலறை, வுழூச் செய்யுமிடம் என ஒவ்வொரு திருகுகுழாயாகத் திறந்து பார்க்க. நீர் நின்றுபோகும் திருகுகுழாய் சபை நீருக்குரியது. தொடர்ந்து ஓடுவது மேலேயுள்ள தாங்கியிலிருந்து வருவது. தாங்கியின் வெளிவால்வையும் மூடிய பின்னரும் எங்கேனும் நீர் வருமாயின், அது அடுத்துள்ள சகோதரியின் வீட்டுத் தாங்கியிலிருந்து வருவதாகவும் இருக்கலாம்.

மிக முக்கியமான சோதனை இனித்தான். இரு வால்வுகளும் மூடியபடியே இருக்கப் பம்பியை இயக்குக. சபை நீருக்குரியதென அறிந்த திருகுகுழாயில் அப்போது நீர் வந்தால், இரு குழாய்களும் எங்கோ இணைந்துள்ளன என்பது தெளிவு. அவ்விணைப்பைத் தேடித் துண்டிக்கும்வரை அந்நீரைக் குடித்தலாகாது. தாங்கிக்குச் சபை நீர் வருமாயின், அக்குழாயின் வாய் தாங்கி நீரில் மூழ்காது அதற்கு மேலே விலகி நிற்க வேண்டும். அவ்விடைவெளியே நம்பத்தக்க காவல்.

எதற்கென்று அறியாத குழாயை அவசரப்பட்டு வெட்டுதல் தகாது. பழைய வீடுகள் சிலவற்றில் மின்சாரத்தின் புவிக்கம்பி இரும்புக் குழாயிலே பிணைக்கப்பட்டிருக்கும். அக்குழாயை அகற்றிப் பீ.வீ.சி. குழாய் பூட்டினால், வீட்டின் மின்காவல் அற்றுப்போகும். அத்தகைய இடத்தில் மின்தொழிலாளரையும் அழைத்தே வேலை தொடங்க வேண்டும்.

கண்டறிந்தவற்றை மனதில் மட்டும் வைத்திருத்தல் போதாது. கிணற்றுக் குழாய்க்கு ஒரு நிறமும் சபைக் குழாய்க்கு வேறொரு நிறமும் பூசலாம். ஒரு தாளில் வீட்டின் உருவை வரைந்து, வால்வுகளையும் குழாய் செல்லும் வழிகளையும் குறித்து, சுவரிலிருந்து இத்தனை அடி என்று எழுதலாம். புதிய சுவர் பூசுமுன் பிடித்த ஒரு நிழற்படமும் பின்னாளில் பெரிதும் உதவும்.

மகளின் கையிலே உறுதியைக் கொடுக்கும் நாளில் அத்தாளையும் சேர்த்துக் கொடுக்கும் வாப்பா, வீட்டை முழுமையாகக் கொடுத்தவராவார். நாளை அவ்வீட்டிலே பேரப்பிள்ளை திருகுகுழாயில் வாய் வைத்துக் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகின்றதென, அப்பிள்ளையின் உம்மா தாளைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.