‘சாதாரணப் பயனர்’ என்பவர் யார்?

சிக்கலான செட்டிங்ஸைச் சாதாரணப் பயனரின் கண்ணில் படாமல் மென்பொருள் மறைத்து வைக்கலாமா என்பதே இக்கருத்தரங்கின் பொருள். வடிவமைப்பாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதிபோல இது தோன்றலாம். கணினியில் தமிழைத் தட்டி அச்சேற்றிப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கோ இது நேற்றுவரை அன்றாடத் தலைவலி.

முதலில் மறைப்பவர் பக்க நியாயம். ஆண்ட்ராய்டு போனில் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ என்றொரு பக்கம் உண்டு. 2012இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து அது மெனுவில் தெரிவதில்லை. போனைப் பற்றிய விவரங்கள் உள்ள பக்கத்துக்குப் போய், ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்ட வேண்டும். சில தட்டுகளுக்குப் பிறகு, இன்னும் எத்தனை பாக்கி என்று போனே எண்ணிச் சொல்லும். ஏழாவதில், நீங்கள் இப்போது டெவலப்பர் என்று அறிவிக்கும். உள்ளே இருக்கும் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கினால், கேபிளில் இணைத்த கணினி போனின் உள்விவகாரங்களில் கைவைக்க வழி கிடைக்கும். அது இயங்குவதைக் கண்டால் சில வங்கிச் செயலிகள் திறக்கவே மறுக்கின்றன. தெரியாமல் கை பட்டுவிடக் கூடாத ஒன்றை ஏழு தட்டுக்கு அப்பால் வைத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடி வருகிறவருக்கு வழி அடைபடவும் இல்லை.

இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. 1984இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் கரோலும் காரிதர்ஸும் ஒரு வேர்டு பிராசஸரில் புதியவர்கள் வழக்கமாகச் சிக்கிக்கொள்ளும் கட்டளைகளைப் பூட்டிவைத்தார்கள். கட்டளை மெனுவில் தெரியும். தொட்டால் ‘இது இப்போது கிடைக்காது’ என்ற செய்தி வரும். பூட்டிய பதிப்பில் கற்றவர்கள் முழுப் பதிப்பில் கற்றவர்களைவிட விரைவாக வேலையை முடித்தார்கள்; பிழைகளில் சிக்கித் தவித்த நேரமும் குறைந்தது. ஆனால் அந்தப் பூட்டு கற்கும் காலத்துக்கு மட்டும் போட்டது.

2013 ஆகஸ்டில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 23, ‘ஜாவாஸ்கிரிப்டை இயக்கு’ என்ற டிக் பெட்டியை விருப்பத்தேர்வுகளிலிருந்து நீக்கியது. அந்த டிக்கை எடுத்துவிட்டால் பாதி இணையதளங்கள் முடங்கும். பயனரோ உலாவி கெட்டுவிட்டது என்றே நினைப்பார். வேண்டியவர்கள் ‘அபவுட்:கன்ஃபிக்’ பக்கத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். கோபித்துக்கொண்டவர்கள் இருந்தாலும் காரணம் வெளிப்படையாக இருந்தது.

அளவுக்கு மீறிய அக்கறையும் வம்பாகும். ஆஃபீஸ் 2000இல் மெனுக்கள் தாமாகவே சுருங்கின. அடிக்கடி பயன்படுத்தாத கட்டளைகளை அது ஒளித்துவைக்கும். கீழே உள்ள இரட்டை அம்புக்குறியை அழுத்தினால் மீதி விரியும். நேற்று மூன்றாவதாக இருந்த கட்டளை இன்று ஐந்தாவதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இடத்தை நினைவில் வைத்துக் கை பழகியவர்கள் திண்டாடினார்கள். 2007 பதிப்பில் மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் என்ற பொத்தான் பட்டை வந்தபோது வேர்டும் எக்செலும் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டன.

மறைப்பே ஆபத்தானதற்கும் சான்று உண்டு. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் மூன்றெழுத்து வகைக்குறி சாதாரணப் பயனருக்கு எதற்கு என்று விண்டோஸ் அதை மறைத்தே காட்டிவந்தது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் ஒரு காதல் கடிதமாக மின்னஞ்சலில் வந்தது. இணைப்பின் பெயர் ‘.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’ என்று முடியும். கடைசி ‘.விபிஎஸ்’ஸை விண்டோஸ் விழுங்கிவிட, பார்த்தவர் கண்ணுக்கு அது வெறும் எழுத்துக் கோப்பு. திறந்ததும் நிரல் ஓடியது. முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் பறந்தது. உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகள் மாட்டின. வகைக்குறியை மறைக்கும் அந்த இயல்புநிலை விண்டோஸ் 11இலும் தொடர்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் நல்லெண்ணத்தில் செய்தவை. பணம் புழங்கும் இடத்தில் கதை வேறு. 2012இல் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 6இல், விளம்பர நிறுவனங்கள் பின்தொடர்வதைக் கட்டுப்படுத்தும் பொத்தான் ஒன்று இருந்தது. அந்தரங்கம் என்ற பிரிவில் தேடினால் கிடைக்காது. போனின் மாடலும் வரிசை எண்ணும் இருக்கும் ‘அபவுட்’ பக்கத்துக்குள், ‘அட்வர்டைசிங்’ என்ற வரிக்குள் இருந்தது. 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 இதைத் தலைகீழாக்கியது: பயனரைப் பின்தொடர விரும்பும் ஒவ்வொரு செயலியும் முகத்துக்கு நேரே அனுமதி கேட்க வேண்டும். இந்தத் திட்டத்தை எதிர்த்து ஃபேஸ்புக் 2020 டிசம்பரிலேயே அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. மூலையில் கிடந்த ஒரு கேள்வி முகப்புக்கு வந்தால் யாருக்கு நட்டம் என்பது அதில் தெரிந்துபோனது.

கூகுளில் ‘லொகேஷன் ஹிஸ்டரி’யை அணைத்தவர்கள், தம் நடமாட்டம் இனிப் பதிவாகாது என்று நம்பினார்கள். ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்ற வேறொரு அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தவரை இருப்பிடத் தகவல் சேர்ந்துகொண்டே இருந்தது. 2018இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களோடு கூகுள் செய்துகொண்ட உடன்பாட்டின் தொகை 39 கோடியே 15 லட்சம் டாலர்.

தமிழர் கணக்கு இன்னொரு விதம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் யூனிகோட் தமிழ் ஒழுங்காகத் தெரிய, கண்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழி அமைப்புகளில் இரண்டாவது டேபைத் திறந்து, ‘சிக்கலான எழுத்துமுறைகளும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளும்’ என்ற பெட்டியில் டிக் போட வேண்டும். அந்த வரியில் தாய்லாந்து மொழிக்குப் பெயர் உண்டு, தமிழுக்கு இல்லை. டிக் போட்டதும் விண்டோஸ் சிடியைக் கேட்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்கு இந்தச் சடங்கு எதுவும் தேவைப்படவில்லை.

ஃபோட்டோஷாப்பில் ‘தெரு’ என்று அடித்தால் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்ற காலத்தை ஃபிளெக்ஸ் அச்சிட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரிஃபரன்சஸில் எழுத்துப் பகுதிக்குள் போய், தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வரும். 2012இல் வந்த இன்டிசைன் சிஎஸ்6இலும் இந்திய மொழி வசதி உள்ளேயே இருந்தது. ஆனால் ஸ்கிரிப்ட்ஸ் பேனலில் ஒரு குறுநிரலை இயக்கினால்தான் அது கண்விழிக்கும். தன் தாய்மொழியில் ஒரு வரி எழுத வந்தவர் இங்கே ‘மேம்பட்ட பயனர்’ ஆக்கப்பட்டார். இதில் தீய நோக்கம் கிடையாது. மென்பொருளை வடித்தவர் மனத்தில் இருந்த சாதாரணப் பயனர் ஆங்கிலத்தில் எழுதுபவர், அவ்வளவுதான். எதை மறைக்கலாம் என்று முடிவெடுக்கும் முன்னரே, யாரைச் சாதாரணர் என்று எண்ணுகிறோம் என்ற முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பெரிய எழுத்து வேண்டும் முதியவருக்கும், திரையை வாசித்துக் கேட்கும் பார்வையற்றவருக்கும் இதே கதிதான்.

ஆகவே ‘மறைக்கலாமா, கூடாதா’ என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. கட்டுரை வாசிக்க இருப்பவர்கள் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு அமைப்பையும் மூன்று கேள்விகளால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது தலைமையின் வேண்டுகோள். தெரியாமல் தொட்டால் என்ன கெடும்? தொடாமலே இருந்தால் யாருக்கு லாபம்? அது யாருடைய அன்றாடத் தேவை? முதல் கேள்விக்குப் பெரிய சேதம் என்று பதில் வந்தால் தாராளமாக மறைக்கலாம், தேடுபவருக்கு வழி வைத்துவிட்டு. இரண்டாவதற்கு நிறுவனத்துக்கு என்று பதில் வந்தால் அந்த அமைப்பு முகப்புக்கு வர வேண்டும். மூன்றாவதுதான் கடினம், அதற்குப் பதில் ஆய்வுக்கூடத்தில் கிடைக்காது. டிடிபி மையங்களிலும் பள்ளிக் கணினி அறைகளிலும் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்று பிற்பகல் அமர்வு முழுவதும் அதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. எழுத்துரு வடிவமைப்பாளர்களும் பக்கவடிவமைப்புக் கலைஞர்களும் தாங்கள் தேடி அலைந்த அமைப்புகளைத் திரையில் செய்துகாட்டுவார்கள். அவற்றைத் தொகுத்து, எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில், எத்தனை படி உள்ளே என்ற விவரத்தோடு உருவாக்குநர்களுக்கு அனுப்பும் பொறுப்பை இந்த அவை ஏற்க வேண்டும். கருத்தரங்கு இத்துடன் தொடங்குகிறது. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்குமாறு அமர்வு ஒருங்கிணைப்பாளரைத் தலைமை கேட்டுக்கொள்கிறது.