பூந்தமல்லிக்கு எத்தனை தட்டு?

ஆவடியிலிருந்து அம்பத்தூர் ஓ.டி.க்கு வரும் பஸ்ஸில் ஒருநாள் பக்கத்து சீட்டில் ஒரு பையன், அம்மாவோடு. இரண்டாம் வகுப்பாம். மடியில் தமிழ்ப் புத்தகம். ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தான், கண்ணை ஜன்னலில் வைத்துக்கொண்டு! நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன கண்ணு?" என்றேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நின்று, "கொக்கு" என்றான். எழுதச் சொன்னேன். "கெகு" என்று எழுதினான்.

"வாயால எல்லாம் சொல்றான்க்கா. எழுதத்தான் சோம்பேறித்தனம்" என்றார் அம்மா.

சோம்பேறியா? பக்கம் முழுக்க மனப்பாடம் செய்தவனா?

நேயர்களே, 'கொ' எழுத்தைக் கொஞ்சம் பாருங்கள். காதில் 'க்' முதலில், 'ஒ' பிறகு. தாளிலோ ஒற்றைக்கொம்பு முதலில், 'க' நடுவில், துணைக்கால் கடைசியில். நமக்குப் பழகிவிட்டது. பல குழந்தைகளும் கொஞ்ச நாள் தடுமாறிவிட்டுத் தாண்டிவிடும். சில குழந்தைகள் தாண்டுவதில்லை. சொல்லை ஒலி ஒலியாகப் பிரிப்பதே அவர்களுக்குச் சிரமம். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான். அறிவுக் குறைவு இல்லை. குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு.

அதனால்தான் எழுதப் படிக்கத் தொடங்கும் முன்பே, ஐந்து வயதில், விளையாட்டாகவே பார்க்கலாம். பட்டம், வட்டம், அடுத்து? 'பம்பரம்' என்று பிரித்துச் சொல்லி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முறை கை தட்டு. முன்னால் உள்ள 'பம்'மை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? இதில் திணறினால் குறைபாடு என்று முத்திரை குத்திவிடக் கூடாது; கூடுதல் கவனம் தேவை, அவ்வளவுதான். கண்ணையும் காதையும் முதலில் சோதித்துவிட வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசும் குழந்தை தமிழ்ச் சொல்லில் தடுமாறினால், அதற்குக் காரணமே வேறு.

ஆங்கிலச் சோதனையை அப்படியே தமிழாக்கினாலும் சரிப்படாது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட 'டாலி' டிஸ்லெக்சியா சோதனையை, சில இந்திய மொழிகளுக்குத் தனித்தனியாகத்தான் உருவாக்கினார்கள். குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பார்க்க வேண்டிய 30 பிரச்சினைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. பல்லையும் எடையையும் பார்ப்பதுபோல இது ஒரு நொடியில் தெரியாது. டீச்சரும் பெற்றோரும் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. தி.நகரில் இருக்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியாவை மாற்றுத்திறனாகவே ஏற்றிருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம் கேட்க ஓடும்போதுதான் பலருக்கு அந்தச் சட்டம் நினைவுக்கு வருகிறது. அதற்குள் பிள்ளை 'நான் மக்கு' என்று தானே முடிவுகட்டியிருப்பான்.

"டியூஷன் வச்சா சரியாயிடுமாக்கா?" என்று கேட்டார் பஸ்ஸில் அந்த அம்மா.

அதே சொல்லை ஐம்பது முறை எழுதவைப்பது டியூஷன் என்றால், ஆகாது என்றேன். எதிரே ஒரு பூந்தமல்லி பஸ் போனது. "பூந்தமல்லி, தட்டு பார்ப்போம்" என்றேன் பையனிடம். பூந், மல், லி. மூன்று தட்டு. இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னேன். முன்சீட்டுக் கம்பியில் கையை வைத்தபடி யோசித்தான்.

"நடுவுல ஒண்ண விட்டுட்டேன்" என்றான்.