தரை தாழ்ந்தால் கீழே பாருங்கள்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காம்பராவில் தரை தாழ்கிறது, இஸ்தோப்பு ஒரு பக்கம் இறங்குகிறது என்று போன கூட்டத்தில் பலர் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்துப் பக்கம் மேசன் வேலைக்குப் போய் வந்திருக்கிற எங்களைத் தலைவர் பேசச் சொன்னார். மேடைப் பேச்சு எங்களுக்கு வராது. கண்டதைச் சொல்கிறோம்.

பண்ணைப் பாலத்தால் போனால் மண்டைதீவு. 1990 ஆகஸ்டில் இராணுவம் வந்து இறங்கியபோது சனங்கள் விட்டுவிட்டு ஓடிய தீவு. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திருத்தப் போனோம். நடு அறையில் தரை நாலு விரல் பள்ளம். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. "மேலால சீமெந்து போட்டு மட்டமாக்கி விடுங்கோ தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா. முன்பே இரண்டு தடவை அப்படிப் போட்டாயிற்றாம்.

எங்கள் மேசன் பாஸ் அலவாங்கால் தட்டினார். வெறும் பானையைத் தட்டிய சத்தம். உடைத்தோம். கீழே கை நுழைகிற அளவுக்கு வெற்றிடம். கட்டிய காலத்தில் கடற்கரை மணலைக் கொட்டி, இடித்து இறுக்காமலே மேலே பூசியிருக்கிறார்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையும் உள்ளேயே கிடந்திருக்கிறது. ஓடு போன கூரையால் எத்தனையோ மாரி மழை இறங்கியதில் மணல் அமர்ந்துவிட்டது. கட்டையைக் கறையான் தின்றுவிட்டது. பிறகு போட்ட இரண்டு பூச்சும் பாரத்தைத்தான் கூட்டின.

முழுவதையும் அள்ளிக் கொட்டினோம். கட்டையின் மிச்சத்தைத் தோண்டி எடுத்தோம். கிரவல் மண்ணை ஆறு அங்குலம், ஆறு அங்குலமாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு தட்டையும் இடித்தோம். தோள் கழன்றது. அதற்குப் பிறகுதான் கொங்கிரீட்.

நம் மலையில் காரணம் பாதி இதுதான். மீதிப் பாதி தண்ணீர். மேலே இருந்து வரும் மழைத்தண்ணீர் லயத்துக்குப் பின்னால் தேங்கி, அத்திவாரத்துக்கு அடியால் புகுந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகிறது. தேயிலைக்குக் கான் வெட்டியே வளர்ந்தவர்கள் நாம். நம் லயத்துக் கான் தூர்ந்து கிடக்கிறது! கூரைத்தண்ணீர் சுவரோரமாகவே விழுகிறது, பீலித்தண்ணீரும் அங்கேயே ஓடுகிறது.

தரை மட்டும் இறங்கி, சுவர் நன்றாக இருந்தால் பெரும்பாலும் நிரப்பிய மண்தான் கோளாறு. சுவரில் கோணலாக வெடிப்பு வந்து, கதவு பூட்ட முடியாமல் இறுகினால் அத்திவாரம் அசைகிறது. வீட்டுக்கு வெளியே மலைச்சரிவின் குறுக்கே நிலம் வெடித்திருந்தால், மரங்கள் சாய்ந்தால், திடீரென்று சேற்று ஊற்று கிளம்பினால், அது தரைப் பிரச்சினையே இல்லை. சீமெந்தைத் தேடாதீர்கள். பிள்ளைகளோடு உடனே வெளியேறி, கிராம சேவகருக்கோ 117 இலக்கத்துக்கோ சொல்லுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்க்கும்வரை அங்கே படுக்க வேண்டாம்.

இன்னொன்று. மண்டைதீவு அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு "உடையுங்கோ" என்றார். உடைத்தோம். காணி அவருடையது, உறுதி அவர் பெட்டியில் இருந்தது. நாம் காம்பராத் தரையைக் கிளறுவதென்றால் ஒபிசில் கேட்க வேண்டும். 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது லயங்களும் கூடவே போயின. பூசிக்கொள்ளும் செலவு மட்டும் நம் சம்பளத்தில். ஆகவே வாய்ப்பேச்சாகக் கேட்காமல், எந்த லயம், எத்தனையாம் காம்பரா, எவ்வளவு பள்ளம் என்று எழுதிச் சங்கத்தின் மூலம் கொடுப்போம். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்வோம். ஏழு பேர்ச்சில் புது வீடு கட்டுகிறவர்கள் மண் நிரப்பும் நாளில் ஒரு ஆளை வீட்டில் நிறுத்துங்கள். பூசிய பிறகு யாருக்கும் ஒன்றும் தெரியாது.

வருகிற ஞாயிறு காலை நாங்கள் மேல் லயத்திலிருந்து தொடங்குகிறோம். தட்டிப் பார்க்க ஒரு அலவாங்கு, பள்ளம் அளக்க நூல், எழுத ஒரு கொப்பி. வீட்டில் ஒருவராவது இருங்கள்.