மலை ஏறாத மலசலகூடம்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து மலசலகூடம் என்று பேச்செடுத்தால் நாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, கதவு இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, குழி நிறைந்துவிட்டதா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியவைதான். ஆனால் காலைப் பெரட்டு முடிந்து கொழுந்தெடுக்கப் போகிற ஒரு பெண் பகலில் பெரும்பகுதியை லயத்திலா கழிக்கிறார்? மலையில் நிற்கிறார். அங்கே அவருக்குக் கிடைப்பது தேயிலைச் செடியின் மறைவு. கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்திய செடி என்ன மறைவைத் தந்துவிடும்! சில தோட்டங்கள் மலையிலேயே ஓய்வறை கட்டியிருக்கின்றன, பாராட்டுவோம். ஆனாலும் கொழுந்துக்காரப் பெண்களோடு கூடவே நகரும் ஒரு கூடுதான் மலைக்கு ஏற்றது என்றும், அதை இந்தச் சரிவுக்கென்றே செய்தாக வேண்டும் என்றும் நான் சொல்ல வருகிறேன்.

காரணம் கொழுந்திலேயே இருக்கிறது. ஒரு மலையில் இன்று கொழுந்தெடுத்தால் அங்கே திரும்பி வர ஏறத்தாழ ஒரு வாரமாகும். மலைக்கு ஒன்று கட்டினால் ஒவ்வொன்றும் வாரத்தில் பல நாள் ஆளில்லாமல் கிடக்கும், அப்படிக் கிடக்கும் இடத்தில் கதவும் குழாயும் எத்தனை நாள் தங்குமென்று யாருக்குத் தெரியாது? பிரிவுக்கு ஒன்று கட்டினால் தூரம். அந்தத் தூரத்துக்கு விலையுண்டு. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறுகிறது. குறைந்தால் அரைப்பேர். குறுக்கில் இறங்கி ஏறிய அரைமணி நேரம் நிறுவையில் தெரிந்துவிடும். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், அடக்கிக்கொண்டும் நிற்கிறார்கள். இரண்டும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி. மாதவிடாய் நாட்களில் மாற்ற இடமில்லாமல் காலை முதல் மாலை வரை ஒரே துணி.

தூக்கிச் செல்லும் மலசலகூடம் பிறந்ததே இந்த நேரக் கணக்கில்தான். 1940களில் கலிபோர்னியாவின் லாங் பீச் கப்பல் தளத்தில், தொழிலாளர் கரைக்கு இறங்கி ஏறும் நேரம் வீணாகிறதென்று மரப்பெட்டியும் அடியில் தொட்டியுமாகச் செய்து கப்பலிலேயே வைத்தார்கள் என்பது அந்தத் தொழிலில் வழங்கும் வரலாறு. வயலுக்கு அது வரச் சட்டம் தேவைப்பட்டது. அமெரிக்க வயல் தொழிலாளருக்காக 1972இல் எழுந்த கோரிக்கை, நீதிமன்றம் தலையிட்ட பின் 1987இல்தான் விதியானது. 11 பேருக்குக் குறையாமல் கைவேலை செய்யும் வயலில் 20 பேருக்கு ஒரு மலசலகூடமும் கைகழுவும் வசதியும் கால் மைல் நடைக்குள் இருக்க வேண்டும். கால் மைல் என்பது 400 மீற்றர். சமவெளியில் ஐந்து நிமிட நடை. மஸ்கெலியாச் சரிவில், மழையில், முதுகில் கூடையோடு? மலைத் தூரத்தை நிமிடத்தில் அளப்பதே நியாயம். அதே விதியில் ஒரு விலக்கும் உண்டு: நிலத்தின் அமைப்பு இடம் தராவிட்டால், வாகனம் போகக்கூடிய மிக அருகான இடத்தில் வைத்தால் போதும். இங்கே அப்படி எழுதினால் எல்லாமே கொழுந்து லொறி நிற்கும் ரோட்டோரத்தோடு நின்றுவிடும்.

ரோட்டைத் தாண்ட விடாதது கனம். விழாக்களில் வைக்கும் பிளாஸ்டிக் கூட்டின் அடித்தொட்டி 200 லீற்றருக்கு மேல் கொள்ளும். நிறைந்தால் அதுவே 200 கிலோ. கழிவை உறிஞ்சக் கலி பவுசர் வேண்டும். ஆகவே முதலில் தொட்டியைச் சிறிதாக்க வேண்டும். ஒரு வேலைநாளில் ஒருவருக்கு அரை லீற்றர், அதற்குச் சற்று மேல் என்று வைத்தாலும் 20 பேரின் சிறுநீர் பத்துப் பன்னிரண்டு லீற்றர்தான், மூடியுள்ள 20 லீற்றர் கான் போதும். மலத்தை அதனோடு கலக்காமல் பிரிக்கிற பீங்கான் இருந்தால் வாளியும் சிறிதாகும், நாற்றமும் குறையும். தண்ணீர் ஊற்றாமல் சாம்பல் தூவினால் போதும். விறகெரிக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. நம்மவர் தண்ணீரால் கழுவுகிறவர்களாயிற்றே என்றால், அதற்கும் விடை உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில் கட்டிய உலர் கழிப்பறைகளில் கழுவும் நீருக்கென்று தனி வழி வைத்தார்கள்.

குழி வெட்டி மேலே கூட்டை மட்டும் நகர்த்தலாமே என்று கேட்கலாம். சிம்பாப்வேயில் பீற்றர் மோர்கன் அப்படியொன்றைச் செய்தார், நிறைந்த குழியில் மரம் நட்டார்கள். நல்ல யோசனை, ஆனால் ஊற்றுக்கு மேலே வேண்டாம். மலையில் பெய்கிற மழை வடிகான் வழியே பீலிக்கு வரும். அதையும் தாண்டி, கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்த களனி கங்கையைத்தான் கொழும்பு குடிக்கிறது. மோர்கனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறொன்று உண்டு: ஈ வலை கட்டிய காற்றுக் குழாய். மேலே காற்றடிக்க நாற்றம் ஏறிப் போகும், வெளிச்சத்தை நாடும் ஈ வலையில் மாட்டும்.

கூட்டை இரண்டு பேர் சிரமமின்றித் தூக்கிக் குறுக்கில் நடக்க முடிய வேண்டும். ஆகவே மெல்லிய குழாய்ச் சட்டமும் தடித்த படங்கும் போதும். நான்கு கால்களும் தனித்தனியே நீண்டு குறுக வேண்டும். சரிந்து நின்றால் பிரிக்கும் பீங்கான் பிரிக்காது. மே மாதக் காற்றுக்கு முளையும் கயிறும் வேண்டும். உள்ளே இரண்டு கொக்கி: இடுப்பில் கட்டிய ஈரப் படங்கை அவிழ்த்து எங்கே வைப்பார்? மாதவிடாய்த் துணிக்கு மூடியுள்ள ஒரு தொட்டி, விறைத்த விரலுக்கும் அகப்படும் தாழ்ப்பாள், வெளியே, கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் குழாயுள்ள தண்ணீர்க் கான், சவர்க்காரம். மருந்தடித்த செடியைத் தொட்ட கைக்கு இந்தக் கடைசி இரண்டும் மிக முக்கியம்.

லயத்தில் கட்டியதே போதாதா என்பவர்களுக்கு 1916 ஞாபகமிருக்கட்டும். அந்த ஆண்டு ரொக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு மறுபடியும் தொற்றியது. லயத்தில் மட்டும் கட்டினால் மலை மண்ணின் அசுத்தம் அப்படியே இருக்கும். செலவு என்பவர்களிடம் கேட்கிறேன்: தராசை யாராவது நலன்புரிச் செலவில் எழுதுகிறார்களா? கொழுந்தெடுக்கத் தேவையான சாமான் அது. இதுவும் அப்படித்தான்.

கனமான ஆட்சேபம் ஒன்றுதான்: யார் சுத்தம் செய்வது? தோட்டத்தில் அந்த வேலை வாசக்கூட்டி என்ற பெயரில் குறிப்பிட்ட சாதியினர் தலையில் கட்டப்பட்ட வரலாறு உண்டு. புதுக் கூடும் அதே ஆட்களைத் தேடிப் போனால், அதை மலைக்கு ஏற்றாமலே விடலாம். வடிவமைப்பு பாதி விடை தரும்: கை படாமல் மூடித் தூக்கி, வேறொன்றை வைக்கும் கான். மீதியைச் செக்ரோல் என்னும் வேலை, சம்பளப் பதிவேடு தர வேண்டும். சுழற்சி முறையில், கையுறையோடு, முழுப்பேரும் மேலதிகக் கொடுப்பனவும் போட்டு, எவருக்கும் நிரந்தரமாக ஒட்டாத வேலையாக எழுத வேண்டும். கான்களைப் பிரிவின் கழிவுக் குழிக்குக் கொண்டுபோகத் தனி வண்டி வேண்டும். கொழுந்து லொறியில் ஏற்றக் கூடாது.