எதற்கு என்று கேளுங்கள்

(பழைய மாணவர் சந்திப்பு நாளன்று இயந்திரவியல் துறைக் கருத்தரங்கக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உபயோகமா ஏதாவது பேசு, ஆனா சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி முடிச்சுடு" என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2008-ஆம் ஆண்டு இதே கூடத்தில், இதே மேடையில், துறை மன்றத்தின் சார்பில் ஒரு விவாதம் நடந்தது. தலைப்பு: "அமெரிக்க மசில் கார்களின் பொறியியல் பின்தங்கியதா?" பின்தங்கியதுதான் என்று பேசியவன் நான். எதிர்த்துப் பேசியவன் என் விடுதி அறைத் தோழன். நாமக்கல் பக்கத்துக்காரன். அவன் அப்பா லாரி பட்டறை வைத்திருந்தார்.

நான் என்ன பேசினேன் தெரியுமா? "கேம் ஷாஃப்ட் எஞ்சினின் தலைக்கு மேல் ஏறிப் பல வருஷம் ஆச்சு. இவர்கள் இன்னும் அதை அடியில் வைத்துக்கொண்டு, நீளக் கம்பியால் வால்வைத் தள்ளுகிறார்கள். பின்னால் பார்த்தால் மாட்டு வண்டி அச்சு மாதிரி ஒரே ஆக்சில், அதற்கு லாரி பட்டை. இதுக்குப் பேர் காரா?" கூடம் அதிர்ந்தது. என் தோழன் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அந்தக் காரை எதுக்குச் செஞ்சாங்கன்னு பாத்தியா?" நான் விடவில்லை. "பட்டறைக்காரனுக்குக் கமான் பட்டையைத் தவிர வேறென்ன தெரியும்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். முதல் பரிசு எனக்கு. அதற்குப் பிறகு அவன் கல்லூரியில் எந்த மேடையிலும் ஏறவில்லை.

அந்தக் கேள்விக்கு இன்று பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மசில் கார் என்றால் என்ன? நடுத்தர அளவுள்ள ஒரு குடும்பக் காரில், பெரிய காருக்குச் செய்த வி-8 எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலைக்குக் கொடுப்பது. இந்த வகைக்கு வழி திறந்தது 1964-இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்பார்கள். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவருடைய ஆட்களும், 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், சுமார் 295 டாலர் கூடுதல் விலையில் ஒரு "ஆப்ஷன்" ஆகக் கொடுத்துவிட்டார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, பான்டியாக்கின் 326 எஞ்சினுக்கும் 389-க்கும் வெளி அளவு ஒன்றுதான். சின்னதைக் கழற்றிய இடத்தில் பெரியது அப்படியே உட்கார்ந்துகொண்டது. முதல் வருஷமே 32,000-க்கும் மேல் விற்றது.

அந்தக் கார் எங்கே ஓடியது? டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூ மாதிரி அகலமான, நேரான சாலைகளில், சிக்னலுக்குச் சிக்னல். வாரக் கடைசியில் கால் மைல் நேர்ப் பந்தயத்தில். பெட்ரோல் மலிவு. இதை மனதில் வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்ப்போம்.

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறதோ அந்த அளவுக்குத்தான் சக்தி. அதிகக் காற்றை இழுக்க எளிய வழிகள் இரண்டு. ஒன்று, சிலிண்டரைப் பெரிசாக்குவது. இன்னொன்று, சின்ன எஞ்சினை வேகமாகச் சுற்ற விடுவது. ஜப்பானிலும் பல ஐரோப்பிய நாடுகளிலும் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி போட்டார்கள். அதனால் அவர்கள் இரண்டாவது வழியில் போனார்கள். வேகமாகச் சுற்ற வேண்டுமானால் வால்வோடு சேர்ந்து அசையும் பாகங்கள் லேசாக இருக்க வேண்டும். எனவே கேம் மேலே ஏறியது. அமெரிக்காவில் அந்த நெருக்கடி இல்லை. ஜி.டி.ஓ. எஞ்சின் 325 குதிரைத்திறனைக் கொடுத்தது 4,800 சுற்றில். அந்தச் சுற்றுக்குப் புஷ்ராடு தாராளமாகப் போதும். ஒரே கேம் ஷாஃப்ட், குட்டையான செயின், சின்னத் தலை, குறைந்த செலவு.

(அந்த 325 என்பது ஏர் ஃபில்டர், முழு சைலன்சர் எல்லாம் இல்லாமல் சோதனை மேடையில் அளந்த கணக்கு. 1972-லிருந்துதான் காரில் பொருத்திய நிலையில் கிடைக்கும் அளவைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் தம்பிகள் இதை மறக்கக் கூடாது.)

"அது அந்தக் காலம் சார்" என்பீர்கள். சரி, பின்னால் வந்ததைப் பாருங்கள். 1990-இல் செவர்லே கார்வெட்டில் இசட்.ஆர்-1 வந்தது. மசில் கார் இல்லை, ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் நம் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. லோட்டஸ் வடிவமைத்த 5.7 லிட்டர் எஞ்சின். நான்கு கேம் ஷாஃப்ட், 32 வால்வு. சாதாரண கார்வெட்டைவிட ஏறக்குறைய 27,000 டாலர் கூடுதல். 1993-இல் அது 405 குதிரைத்திறனைத் தொட்டது, 1995-உடன் நின்றது. 2002-இல் அதே கார்வெட்டின் இசட்06 மாடல், அதே 5.7 லிட்டர், அதே 405 குதிரைத்திறன். கேம் ஷாஃப்ட் ஒன்று, வால்வு 16, புஷ்ராடு! நான் மேடையில் முழங்கியபோது இது நடந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நான் படிக்கவே இல்லை.

அப்படியானால் புஷ்ராடுதான் ஜெயித்ததா? அதுவும் இல்லை. 2023 மாடல் இசட்06-இல் 5.5 லிட்டர் எஞ்சின் 670 குதிரைத்திறன் தருகிறது, 8,400 சுற்றில். அங்கே நான்கு கேம் ஷாஃப்டும் மேலேதான். புஷ்ராடை வைத்துக்கொண்டு அந்தச் சுற்றுக்குப் போவது மகா கஷ்டம். அதே வரிசையில் 2020-இல் வந்த சாதாரண கார்வெட்டின் 6.2 லிட்டர் எஞ்சின் புஷ்ராடுதான். ஒரே கம்பெனி, ஒரே கார், இரண்டு வேலை, இரண்டு விடை.

இப்போது நான் அதிகம் கேலி செய்த பின் ஆக்சிலுக்கு வருகிறேன்.

மேற்படிப்புக்கு மிச்சிகன் போயிருந்தபோது, தெரிந்த பெரியவர் ஒருவர் தன் 1967 செவர்லே கமேரோவில் என்னைப் பந்தயத் திடலுக்குக் கூட்டிப் போனார். பச்சை விளக்கு எரிந்தது, ஆக்சிலரேட்டரை மிதித்தார். கார் முன்னால் பாய்வதற்குப் பதிலாகப் பின்பக்கம் தடதடவென்று குதித்தது. பல் ஆடிப்போய்விட்டது எனக்கு. "பாத்தீங்களா, பட்டை ஸ்பிரிங்!" என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம். இறங்கியதும் அவர் ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் காட்டினார்.

சக்கரம் முன்னால் சுழலும்போது, ஆக்சில் எதிர்த் திசையில் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். 1967 கமேரோவில் பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை. அது எஸ் வடிவில் வளையும், டயர் பிடி விடும், பட்டை திரும்ப நிமிரும், மறுபடி பிடிக்கும். இதுதான் அந்தக் குதிப்பு. ஷாக் அப்சார்பர் இரண்டும் ஆக்சிலுக்கு முன்னாலேயே இருந்ததால் முறுக்கலைத் தடுக்க முடியவில்லை. 1968-இல் ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் மாற்றினார்கள். சக்தி கூடிய மாடல்களுக்குப் பல பட்டை போட்டார்கள். ஆக, கோளாறு லீஃப் ஸ்பிரிங்கில் இல்லை; அதை அமைத்த விதத்தில்.

கிரைஸ்லர்காரர்கள் அதே பட்டையை எப்படிப் பயன்படுத்தினார்கள் பாருங்கள். ஆக்சிலைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்னால் தள்ளி வைத்தார்கள். முன்பாதி குட்டையாக, விறைப்பாக ஆகிவிட்டது. முறுக்கலை அதுவே தாங்கிக்கொண்டது. இன்னொன்று, எஞ்சினின் முறுக்குவிசை புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக வந்து வலது பின் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். அதற்காக 426 ஹெமி மாதிரிப் பெரிய எஞ்சின் கார்களில் இடப்பக்கமும் வலப்பக்கமும் பட்டைக் கணக்கையே மாற்றினார்கள். மாட்டு வண்டி அச்சு என்று நான் சொன்னதில் இவ்வளவு யோசனை இருந்தது!

தனித்தனி சஸ்பென்ஷனில் இந்த முறுக்கல் தொல்லை வேறு மாதிரி. டிபரன்ஷியல் வண்டியின் உடம்போடு பிடித்திருப்பதால் சக்கரத்தைத் தூக்காது. ஆனால் கார் கிளம்பும்போது பின்பக்கம் அமுங்கினால் சக்கரம் உள்பக்கம் சாயும். டயர் ஓரத்தில் நிற்கும். ஒரே ஆக்சிலில் இரண்டு சக்கரமும் நிமிர்ந்தே நிற்கும். நேர்ப் பந்தயத்துக்கு அது போதும். அதனால்தான் 1999-இல் ஃபோர்டு முஸ்டாங் கோப்ராவுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தபோது, கால் மைல் பந்தயக்காரர்கள் சிலர் அதைக் கழற்றிவிட்டுப் பழைய ஆக்சிலையே மாட்டினார்கள்.

ஆனால் வளைவில், மேடு பள்ளத்தில்? ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மறு சக்கரமும் ஆடும். டிபரன்ஷியல், ஹவுசிங் என்று அத்தனை எடையும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும். அம்பாசடரில் பின் சீட்டில் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. முஸ்டாங் வாங்குகிறவர்கள் வளைவையும் வசதியையும் கேட்க ஆரம்பித்தார்கள்; 2015 மாடலில் எல்லா முஸ்டாங்குக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வந்துவிட்டது. வேலை மாறியது, விடை மாறியது.

பழசு எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. முதல் ஜி.டி.ஓ.வில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். முன் டிஸ்க் பிரேக் ஆப்ஷனாக வந்ததே 1967-இல். அவ்வளவு சக்தியைக் கொடுத்துவிட்டு நிறுத்துவதை யோசிக்காததற்கு எந்த நியாயமும் கிடையாது. "எதற்கு?" என்ற கேள்வி தப்பை மூடி மறைக்க இல்லை, எது தப்பு, எது தேவைக்கேற்ற முடிவு என்று பிரித்துப் பார்க்க.

தம்பி தங்கைகளே, வேலையில் சேர்ந்த முதல் வாரமே யாரோ வரைந்த பழைய டிராயிங் உங்கள் மேஜைக்கு வரும். பார்த்ததும் சிரிப்பு வரும். சிரிக்கும் முன், என்ன வேலைக்கு, என்ன விலைக்கு, யார் ஓட்ட, யார் ரிப்பேர் பார்க்க என்று நாலு கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்த பிறகும் அது தப்பாகவே தெரிந்தால், தைரியமாக மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. அன்று கேள்வி கேட்டவன் இன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அப்பாவின் பட்டறையை இப்போது அவன்தான் நடத்துகிறான். டேய் மாப்ளே, அன்னிக்கு நான் பேசினது தப்புடா. எஞ்சினைப் பத்தி மட்டும் இல்லை, உங்க பட்டறையைப் பத்திப் பேசினதும்தான். அந்தப் பரிசுப் புத்தகம் என் பையில் இருக்கு. முதல் பக்கத்தில் என் பேரை அடிச்சுட்டு உன் பேரை எழுதியிருக்கேன். மேடைக்கு வந்து வாங்கிக்கோ. மைக்கும் உனக்குத்தான்.